நாள் எண்ணிய தீவு



ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். உங்கள் வீட்டு அடுப்படியில் மாசி இருக்கிறதா? இருக்கும். தூத்துக்குடியில் மாசி இல்லாத அடுப்படி ஏது? விறகுத் துண்டு மாதிரிக் கிடக்கும். சூரைமீனை அவித்து, புகையில் வாட்டி, வெயிலில் காயவைத்த கட்டை அது. உரலில் போட்டு நாலு இடி இடித்து, தேங்காயும் வெங்காயமும் மிளகாயும் சேர்த்துச் சம்பலாக்கினால் பழைய சோற்றுக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். அந்தக் கட்டை எந்த ஊர்ச் சரக்கு? மாலத்தீவுச் சரக்கு. நம்முடைய தோணிகள் இங்கிருந்து காய்கறியும் கட்டுமானச் சாமானும் ஏற்றிக்கொண்டு மாலேக்குப் போகின்றன. நாம் தோணி என்கிறோம். அவர்களும் தங்கள் படகைத் தோனி என்றுதான் சொல்கிறார்கள். ஆகவே இன்று நான் பேசப்போகும் ஊர் உங்களுக்கு முழுக்க அந்நியமான ஊர் இல்லை.

மாலத்தீவு வரைபடத்தில் மாலேயின்மேல் விரலை வையுங்கள். அப்படியே தெற்கே இழுங்கள். இழுத்துக்கொண்டே போங்கள். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போகும். பூமத்திய ரேகையைத் தாண்டி இன்னும் ஏறத்தாழ 75 கிலோமீட்டர் போனால், இதய வடிவத்தில் ஒரு பவளத்தீவுக் கூட்டம் இருக்கும். அதற்கு அட்டு என்று பெயர். அதன் தென்கோடியில் இருப்பது கன் தீவு. துப்பாக்கி இல்லை ஐயா, ஊர்ப்பெயரே அதுதான்!

அந்தச் சின்னத் தீவில் பத்தொன்பது வருடம் பிரிட்டிஷ் விமானப்படை இருந்தது. அங்கே வேலை பார்த்த வாலிபர்கள் இன்று கிழவர்கள். அவர்கள் அந்தத் தீவை நினைத்து உருகுகிறார்கள். இங்கிலாந்தில் கூடிப் பழைய படங்களைப் பார்த்துக்கொண்டு பொழுதுபோவது தெரியாமல் பேசுகிறார்கள். சேமித்த காசைச் செலவழித்துத் திரும்பவும் வந்து பார்க்கிறார்கள். அங்கே இருந்த காலத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? சுவரில் ஒரு தாளை ஒட்டி, எப்போது ஊருக்குப் போவோம் என்று ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டிருந்தார்கள். நாள் எண்ணினவர்கள் இன்று ஏன் ஏங்குகிறார்கள்? இதுதான் இன்றைய பேச்சு.

எனக்கு இதைப் பேச என்ன தகுதி? 2000-ஐ ஒட்டி நாலு வருடம், கன்னுக்குப் பக்கத்துத் தீவான ஃபேதூவில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவ்வளவுதான் தகுதி. நம் ஊர் வாத்தியார்கள் மாலத்தீவுக்குப் போவது புதிய சங்கதி இல்லை. நானும் அங்கே நாள் எண்ணியவன்தான்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். பயப்படாதீர்கள், சீக்கிரம் கடந்துவிடுவேன்.

இரண்டாம் உலகப் போர்க் காலம். ஜப்பான்காரன் இந்தியப் பெருங்கடலுக்குள் வந்துவிடலாம் என்ற பயம். பிரிட்டிஷ் கப்பற்படைக்கு மறைந்திருக்க ஓர் இடம் வேண்டும். அட்டுவின் உட்கடல் ஆழமானது. சுற்றிலும் தீவுகள் வேலி. அங்கே ரகசியமாக ஒரு துறைமுகம் அமைத்தார்கள். பெயரும் ரகசியம்: ‘போர்ட் டி’. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை, கொழும்பின்மேல் குண்டு விழுந்தது. நாலு நாள் கழித்துத் திருகோணமலையின்மேல் விழுந்தது. அந்த நாட்களில் அட்மிரல் சோமர்வில்லின் கப்பல்கள் எண்ணெயும் தண்ணீரும் நிரப்பிக்கொண்ட இடம் அட்டு. இப்படி ஒரு துறைமுகம் இருப்பதே ஜப்பானியருக்கு அப்போது தெரியாது. ஆனால் அந்தக் காலத்தில் அங்கே இருந்த சிப்பாய்கள் எவரும் அட்டுவை நினைத்து உருகியதாக நான் கேட்டதில்லை. காய்ச்சல், புழுக்கம், உண்ணி கடித்து வரும் ஒருவகை டைஃபஸ். தீவு அதே தீவுதான். கொண்டாட்டம் பின்னால் வந்தது.

எப்படி வந்தது? அதற்குக் காரணம் நம் பக்கத்து இலங்கை. 1956-இல் பண்டாரநாயக்கா பிரதமரானார். திருகோணமலையும் கட்டுநாயக்காவும் எங்களுக்கு வேண்டும், கிளம்புங்கள் என்றார். 1957-இல் இரண்டும் கைமாறின. பிரிட்டனுக்கோ சிங்கப்பூருக்குப் போகிற விமானங்கள் வழியில் இறங்கி எரிபொருள் போட ஓர் இடம் வேண்டும். பழைய கன் தீவு நினைவுக்கு வந்தது. தென்னைகளை வெட்டினார்கள். ஒரு கரையில் தொடங்கி மறு கரையில் முடிகிற மாதிரி, இரண்டரை கிலோமீட்டருக்கும் மேல் ஓடுபாதை போட்டார்கள். தீவுக்குள் ஓடுபாதை இருந்தது என்று சொல்வதைவிட, ஓடுபாதையின் ஓரத்தில் கொஞ்சம் தீவு ஒட்டிக்கொண்டிருந்தது என்று சொல்லலாம்.

இப்போது அந்த வாலிபனைக் கொஞ்சம் கற்பனை செய்யுங்கள். வயது இருபது, இருபத்தொன்று. மழையும் பனியும் புகையும் சூழ்ந்த ஓர் இங்கிலீஷ் ஊர்க்காரன். மனைவியோ காதலியோ கூட வர முடியாது. ஏறத்தாழ ஒரு வருடம் இங்கேதான். விமானத்தின் கதவு திறக்கிறது. முகத்தில் இட்லிப் பானையின் ஆவி மாதிரி அடிக்கிறது காற்று. கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை மணல். அவனுடைய வெள்ளைக் கால்களைப் பார்த்து, ஆறு மாதம் முன்னால் வந்து கறுத்துப்போனவர்கள் சிரிக்கிறார்கள்.

அடுத்த நாள் என்ன செய்வான்? சைக்கிளில் தீவைச் சுற்றுவான். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சரி, மறுநாள்? அதே சுற்று. அதற்கு மறுநாள்? அதே சுற்றுதான்!

வேறென்ன இருந்தது அங்கே? வேலை இருந்தது. பிரிட்டானியா, காமெட், வி.சி.10 என்று விமானங்கள் வரும், எரிபொருள் குடிக்கும், கிளம்பும். கடலில் யாராவது தத்தளித்தால் தேடப்போக ஷாக்கிள்டன் விமானம் ஒன்று தயாராக நிற்கும். வேலை முடிந்தால் கடல். அந்தக் கடல் இருக்கிறதே, அதை நான் எப்படிச் சொல்வேன்! நம் கடல் மாதிரி இல்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று குனிந்தால் கால்விரல் தெரியும், விரலிடுக்கில் போகிற நீலமீன் தெரியும். நீச்சல், தூண்டில், பாய்மரப் படகு. இரவில் சினிமா. சினிமா முடிந்தால் பீர். பீர் முடிந்தால் வீட்டுக்குக் கடிதம். தபால் வருகிற விமானம்தான் வாரத்தின் திருவிழா.

பெண்கள்? அறுநூறு பேர் வரை ஆண்கள் இருந்த முகாமில் ஒரே ஒரு பெண்மணி இருந்தார். தன்னார்வப் பெண்கள் சேவை அமைப்பு அனுப்பிய அம்மா. பையன்களுக்குப் போட்டிகள் நடத்துவது, வீட்டுக் கவலையைக் காதுகொடுத்துக் கேட்பது, இதெல்லாம் அவர் வேலை. அறுநூறு பிள்ளைகளுக்கு ஓர் அம்மா! மற்றபடி சிங்கப்பூருக்குப் போகிற விமானத்தில் குடும்பங்கள் வரும். ஒரு மணி நேரம் இறங்கிக் காலாறிவிட்டுப் போகும். அந்த ஒரு மணி நேரத்தில் முகாமில் பாதிப்பேருக்கு ஏதோ ஒரு வேலை விமான நிலையத்தின் பக்கம் வந்துவிடும். நம் பையன்கள் பேருந்து நிலையத்தில் காரணமில்லாமல் நிற்பார்களே, அதே காரியம்தான்.

இதுதான் வாழ்க்கை. ஒரே சாப்பாடு, ஒரே முகங்கள், ஒரே சுற்று. நாள்காட்டித் தாளில் ஒரு கட்டம் அடிக்கப்படும். மறுநாள் இன்னொரு கட்டம். இதில் ஏங்குவதற்கு என்ன இருக்கிறது?

இருக்கிறது. அதை விளக்க நான் இங்கிலாந்துக்குப் போக வேண்டியதில்லை. இந்த அரங்கிலேயே வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்க வேண்டாம், எனக்குத் தெரியும். முகாமில் எட்டுப்பேர் ஓர் அறை. அடுக்குக் கட்டில். வெள்ளிக்கிழமை கூட்டுச் சமையல். அப்போது என்ன சொன்னீர்கள்? ‘எப்படா விசா முடியும், ஊருக்குப் போய் விழுவோம்’ என்றீர்கள். ஊருக்கு வந்து விழுந்தாயிற்று. இப்போது டீக்கடையில் நாலு பேர் சேர்ந்தால் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியம் என்ன? ‘நான் துபாயில இருக்கும்போது...’ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், ஆனால் யோசித்தும் பாருங்கள். அந்த அறையில் உங்களிடம் யாரும் கரண்டு பில் கேட்கவில்லை. மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொல்லவில்லை. சம்பாதிப்பது ஒன்றுதான் வேலை, பொறுத்திருப்பது ஒன்றுதான் கடமை. அப்படி ஒரு லேசான காலம் அப்புறம் உங்களுக்கு வாய்த்ததா?

கன் தீவுக்காரர்களுக்கும் வாய்க்கவில்லை. அங்கே நான் சந்தித்த முன்னாள் படைவீரர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கும். அவர்கள் என்னிடம் சொன்னது விமானத்தைப் பற்றியோ ராணுவத்தைப் பற்றியோ இல்லை. நண்பன் ஒருவன் தூண்டிலில் சுறாவைப் பிடித்துவிட்டு அதை என்ன செய்வதென்று தெரியாமல் விழித்த கதை. பிறந்தநாள் கேக் வேகாமல் போன கதை. ஒருவர் எனக்கு ஆலாக் குருவியைக் காட்டினார். வெள்ளை ஆலா என்று ஒரு பறவை. மாலத்தீவில் அட்டுவில் மட்டும்தான் அதைப் பார்க்கலாம். மேனி முழுக்க வெள்ளை, கண் மட்டும் கருமணி. அது கூடு கட்டாது. வெறும் கிளையில், ஒரு சின்னப் பள்ளம் பார்த்து, ஒரே ஒரு முட்டை வைக்கும். காற்று அடிக்கும், கிளை ஆடும், முட்டை விழாது. நான் இரண்டு வருடமாக அந்த மரத்தடியில் சைக்கிள் விட்டுக்கொண்டிருக்கிறேன், ஒரு நாளும் அண்ணாந்து பார்க்கவில்லை. முப்பது வருடம் கழித்து வந்தவர் இறங்கினதும் நேரே போய்க் கிளையைப் பார்த்தார். ‘இன்னும் இருக்கிறது’ என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த அன்பு பொய் இல்லை. அதை நான் கேலி செய்ய வரவில்லை. ஆனால் நண்பர்களே, ஒரு தீவைப் பற்றிய நினைவு என்றால் அது வந்துபோனவனிடம் மட்டும்தானா இருக்கும்? அங்கேயே கிடந்தவன் நினைவை யார் கேட்பது?

எங்கள் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்கிறேன். ஃபேதூவில் நான் குடியிருந்த அறையின் சொந்தக்காரர். என்னைவிட மூத்தவர், என்றாலும் வாத்தியார் என்பதால் ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார். அவருடைய ஆங்கிலம் பள்ளிக்கூடத்து ஆங்கிலம் இல்லை. இலக்கணம் கிடையாது, உச்சரிப்பு மட்டும் அசல் வெள்ளைக்காரன். நடுநடுவே சில சொற்கள் வரும். அந்தச் சொற்களை இந்த மேடையில் சொன்னால் ஒலிபெருக்கியை அணைத்துவிடுவார்கள். பதினைந்து வயதில் விமானப்படை முகாமில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். படுக்கை விரிப்பது, பூட்ஸ் துடைப்பது, மெஸ்ஸில் பரிமாறுவது. சுற்றுத் தீவுகளிலிருந்து ஆண்கள் காலையில் தோனிகளில் வருவார்கள், மாலையில் திரும்புவார்கள். வெள்ளைக்காரன் அவர்கள் ஊருக்குள் நினைத்தபடி போக முடியாது. அனுமதி வேண்டும். பகலில் ஒரே தீவு, இரவில் வேறு வேறு உலகம்.

அந்த வேலை அட்டுக்காரர்களுக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது என்று நினைக்கிறீர்கள்? ஒரு நாட்டையே உடைக்கிற அளவுக்குப் பெரிது! மிகையாகச் சொல்லவில்லை. 1957-இல் மாலேயில் இப்ராஹிம் நசீர் பிரதமரானார். பிரிட்டனோடு போட்ட குத்தகை ஒப்பந்தம் சரியில்லை, திருத்த வேண்டும் என்றார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் தெற்கே இருந்தவனுக்கு வரி மாலேயிலிருந்து வந்தது, கூலி முகாமிலிருந்து வந்தது. எந்தப் பக்கம் சாய்வான்? 1959 ஜனவரியில் தென்பகுதித் தீவுகள் தனிநாடு அறிவித்துவிட்டன. சுவாதிவ் ஐக்கியக் குடியரசு. கொடியெல்லாம் இருந்தது. தலைவர் அப்துல்லா அஃபீஃப் தீதி. பிரிட்டிஷ்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பிரிட்டன் என்ன செய்தது? 1960-இல் மாலேயோடு முப்பது வருட ஒப்பந்தம் முடித்துக்கொண்டது. தனக்கு வேண்டியது கிடைத்ததும் கையைக் கழுவிக்கொண்டது. 1963-இல் அந்தக் குடியரசு முடிந்தது. அஃபீஃப் சீஷெல்ஸ் தீவுக்குக் கப்பலேறினார்.

இந்தக் கதையை எந்த முன்னாள் படைவீரரும் எனக்குச் சொல்லவில்லை. அவர்களில் சிலர் அந்த வருடங்களில் அங்கேயே இருந்தவர்கள். கடல் அவ்வளவு நீலமாக இருந்திருக்கிறது.

அப்புறம் என்ன நடந்தது? பிரிட்டனின் கை சுருங்கியது. சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கே இனி படை வேண்டாம் என்று 1968-இல் முடிவு அறிவித்தார்கள். 1971-இல் சிங்கப்பூர்த் தலைமையகம் மூடப்பட்டது. சிங்கப்பூருக்கே போகாதபோது நடுவழியில் இறங்குவது எதற்கு? 1976 மார்ச்சில் கடைசி ஆட்களும் கன்னைவிட்டுப் போனார்கள். ரஷ்யாக்காரன் மறு வருடமே வருடத்துக்குப் பத்து லட்சம் டாலர் வாடகை தருகிறேன் என்றான். நசீர் வேண்டாம் என்றுவிட்டார்.

எங்கள் வீட்டுக்காரர் அந்த 1976-ஐப் பற்றிச் சொல்வார். ‘சார், ஒரு மாதத்தில் ஊரே வேலையில்லாமல் உட்கார்ந்தது’ என்பார். கடையில் சாமான் குறைந்தது. முகாம் ஆஸ்பத்திரி பூட்டப்பட்டது. உள்ளூர்க்காரருக்கும் வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரி அது. வாலிபர்கள் மாலேக்குக் கிளம்பினார்கள். அங்கே அப்போதுதான் சுற்றுலா விடுதிகள் திறந்துகொண்டிருந்தன. ஆங்கிலம் பேசவும் மேசை விரிக்கவும் வெள்ளைக்காரனின் கோபதாபம் அறியவும் ஆள் தேவை. அட்டுக்காரனுக்கு இந்த மூன்றும் தெரியும். வீட்டுக்காரரும் போனார். மாலத்தீவுச் சுற்றுலாவின் முதல் தலைமுறை வேலைக்காரர்களில் நிறையப்பேர் கன் முகாமில் பூட்ஸ் துடைத்தவர்கள். முகாம் கட்டடங்கள் சில பிற்பாடு ஆடைத் தொழிற்சாலைகளாயின. இலங்கைப் பெண்கள் வந்து தைத்தார்கள். பழைய சார்ஜன்ட் மெஸ் ஒரு ஹோட்டலாயிற்று.

அந்த ஹோட்டலுக்கு ஒருமுறை ஒரு வெள்ளைக்காரர் வந்து தங்கினார். 1968-இல் விமான மெக்கானிக்காக அங்கே இருந்தவர். ‘அப்போது நான் சாதாரணச் சிப்பாய், இந்த மெஸ்ஸுக்குள் காலடி வைக்க முடியாது, இப்போது காசு கொடுத்துத் தூங்குகிறேன்’ என்று சிரித்தார். தான் இருந்த பாசறையைத் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்காரருக்கு அந்த இடம் தெரியும். விடுமுறை நாள், மாலை நேரம். மூன்று பேரும் சைக்கிளில் கிளம்பினோம்.

பாசறை இல்லை. சிமெண்டுத் தளம் மட்டும் இருந்தது, வெடிப்புகளில் புல் முளைத்து. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். வாசல் இருந்த இடத்தில் நின்றார். காலடி எண்ணி நடந்தார். ‘ஒன்று, இரண்டு, மூன்றாவது கட்டில். இங்கேதான்.’ அப்புறம் சுவர் இருந்திருக்க வேண்டிய பக்கம் கையை நீட்டினார். நாள் அடித்த தாள் அங்கே ஒட்டியிருந்ததாம். எங்கள் வீட்டுக்காரர் பொறுமையாகச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு பேருக்கும் ஒரே வயது என்று பேச்சில் தெரிந்தது. ஒருவேளை அந்தக் கட்டிலுக்கு இவரே விரிப்பு போட்டிருக்கலாம். இருவருக்கும் நினைவில்லை.

திரும்பும் வழியில் வெள்ளைக்காரர் வீட்டுக்காரரிடம் கேட்டார், ‘நீ எந்தத் தீவிலிருந்து வேலைக்கு வருவாய்?’ என்று.

‘ஃபேதூ.’

‘பிறந்ததும் அங்கேதானா?’

வீட்டுக்காரர் பதில் சொல்லவில்லை. சைக்கிளைத் திருப்பினார். ஓடுபாதை வேலிவரைக்கும் எங்களைக் கூட்டிப் போனார். கன்னில் ஊர் இருந்தது, வீடுகள் இருந்தன, பள்ளிவாசல் இருந்தது. முகாம் வந்தபோது அந்த ஊர்க்காரர்களை ஃபேதூவுக்கு மாற்றினார்கள். ஃபேதூக்காரர்களை அடுத்த தீவான மரதூவுக்கு மாற்றினார்கள். எனக்கு அது புத்தகத்தில் படித்த செய்தி. இவர் அந்த ஊர்க்காரர் என்பது அன்றுவரை தெரியாது. நான் வாடகை கொடுத்துக் குடியிருந்தவன், கேட்டதே இல்லை.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. இவர்கள் போனது பக்கத்துத் தீவுக்கு, கண்ணுக்கெட்டுகிற தூரம். இன்னும் தெற்கே தியேகோ கார்சியா இருக்கிறது. 1968 தொடங்கி 1973-க்குள் அங்கேயும் சுற்றியுள்ள சாகோஸ் தீவுகளிலும் இருந்த மக்கள் அத்தனை பேரையும் மொரீஷியசுக்கும் சீஷெல்ஸுக்கும் அனுப்பிவிட்டார்கள். அங்கே பிற்பாடு அமைந்த அமெரிக்கத் தளத்தில் இருந்துவிட்டு வந்த மாலுமிகளும் இதே பாசத்தோடு, இதே கடலைப் பற்றி, இதே மீன்பிடிக் கதைகளைச் சொல்கிறார்கள்.

சரி, வேலிக்கு வருவோம். வீட்டுக்காரர் கம்பி இடுக்கில் விரலை நீட்டினார். ‘அந்த விளக்குக் கம்பம் தெரிகிறதா? அதற்கு இந்தப் பக்கம். எங்கள் கிணறு.’ மாலத்தீவில் கிணற்றுக்கு ராட்டினம் கிடையாது. நீண்ட கழியின் நுனியில் தகரக் குவளை கட்டியிருக்கும், அதை விட்டு மொள்வார்கள். அவர் பேசிக்கொண்டே இரண்டு கையாலும் அந்தக் கழியைப் பிடித்து இறக்கி, மேலே தூக்கிச் சாய்த்தார். கையில் ஒன்றும் இல்லை. அந்த வெள்ளைக்காரர் கழுத்தில் தொங்கிய கேமராவை எடுத்தார். எடுத்தவர் திரும்பவும் தொங்கவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மாலேயிலிருந்து வருகிற விமானம் இறங்கியது. மூன்று பேரும் பேச்சை நிறுத்திக் காதைப் பொத்திக்கொண்டோம். அது ஓடி, திரும்பி, நின்று, விசிறிகள் அடங்கிய பிறகு அவர் கேட்டார்:

‘தண்ணீர் உப்பா?’

‘இல்லை. நல்ல தண்ணீர்.’

‘எவ்வளவு ஆழம்?’

வீட்டுக்காரர் தன் தோள்மட்டத்தில் கையை வைத்துக் காட்டினார்.